வைரஸ் போன பின் மிஞ்சிய கல்லீரல்

எனக்குள் முப்பது வருடம் குடியிருந்த வைரஸ் இப்போது இல்லை என்று பரிசோதனைக் கூடம் எழுத்தில் கொடுத்த அன்று, அந்தத் தாளை மூன்று நகல் எடுத்தேன். மூலத்தைக் கோப்பில் வைத்து நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டேன். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த முடிச்சு தரும் சுகத்தை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

டாக்டர் சொன்ன ஒன்று மட்டும் அந்தக் கட்டுக்குள் அடங்கவில்லை. வைரஸ் போனாலும், அது அத்தனை வருடம் அரித்துத் தழும்பாக்கிய கல்லீரல் அப்படியேதான் இருக்கிறது. தழும்பு முற்றிய ஈரலில் பின்னொரு நாள் புற்று முளைக்கலாம். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், ஆயுள் முழுக்க. இதுதான் அவர் சொன்னது. நான் இரண்டு வருடத்துக்கு மேல் போகவில்லை. மறதியால் அல்ல. போகாமலிருக்க என்னிடம் விதி இருந்தது.

விவகாரம் 2004-இல் தொடங்கியது. அப்போது தக்கலையில் வேலை. அலுவலக வளாகத்தில் ரத்ததான முகாம் நடந்தது. கண்காணிப்பாளர் என்ற முறையில் முதலில் படுத்துக் கைநீட்டி மற்றவர்களுக்கு வழிகாட்டினேன். மூன்று வாரம் கழித்து, நேரில் வந்து பார்க்கும்படி ஒரு கடிதம் வந்தது. அப்படிப்பட்ட கடிதங்களை நானே நூற்றுக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். நல்ல சேதி சொல்வதற்காக யாரையும் நேரில் வரச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அங்கே ஒரு பெண் மிகவும் தணிந்த குரலில் கேள்விகள் கேட்டாள். ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா, பச்சை குத்தியிருக்கிறீர்களா, குடிப்பீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கடைசியாகக் கேட்டாள். எண்பதுகளில் அழகியமண்டபம் வளைவில் என் ஸ்கூட்டர் ஒரு லாரியை நம்பி ஏமாந்தது. மூன்று குப்பி ரத்தம் ஏற்றித்தான் என்னைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஹெபடைடிஸ் சி என்ற அந்த வைரஸுக்கு அப்போது உலகத்தில் யாரும் பெயர்கூட வைத்திருக்கவில்லை. பெயரில்லாத ஒருவனை வாசலில் நிறுத்தி விசாரிக்க யாராலும் முடிந்திருக்காது.

எங்கள் ஊரில் ஈரல் கெட்டது என்றால் சாராயக் குப்பி என்று பொருள். வேறு காரணத்தை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. எங்களுடையது மூன்று தலைமுறையாக மதுவிலக்கு உறுதிமொழி நோட்டில் கையெழுத்துப் போட்டு வந்த சபைக் குடும்பம். நான் சர்ச்சில் கம்யூனியனின்போது தருகிற திராட்சை ரசத்துக்கு மேல் ஒரு சொட்டு அறியாதவன். விஷயம் கசிந்ததும் சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார். எழுந்து போகும்போது என் மனைவியிடம், "சாரு குடிக்க மாட்டாருன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சிருந்தோம்" என்றார். அந்த 'இருந்தோம்' அடுத்த பல வருடங்களுக்கு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

சில வருடம் கழித்துத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை தொடங்கினார்கள். அந்தக் காலத்து வைத்தியம் வாரம் ஒரு ஊசி, தொப்புளைச் சுற்றி. போட்ட அன்று காய்ச்சல், மறுநாள் உடல்வலி, மூன்றாம் நாள் யாரைப் பார்த்தாலும் எரிச்சல். நாலாம் நாள் மனிதனாகி இரண்டு நாள் இருந்தால் அடுத்த ஊசி. அங்கேதான் குளச்சல்காரரைச் சந்தித்தேன். கடற்கரையில் ஏலத்தில் மீன் எடுத்துக் கேரளத்துக்கு லாரி ஏற்றுகிறவர். அவருக்கும் அதே வைரஸ், அதே கிழமை ஊசி, திரும்பிவர அதே பஸ். அவருக்கு எங்கிருந்து தொற்றியது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கேட்டால், "எத்தன ஊசி, எத்தன கம்பவுண்டரு. யார சாரே சந்தேகப்பட?" என்பார்.

முதல் நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் கேட்டது இது.

"சாருக்கு எந்த பிராண்டு?"

நான் குடிப்பதில்லை என்றேன்.

"அப்பிடியா?" என்று என்னைக் கொஞ்ச நேரம் உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். "அனுபவிக்காமலே தண்டனயா. கஷ்டந்தான் சாரே."

"நீர் குடிப்பீரா?"

"பண்டு குடிச்சதுதான். டாக்டர் நிறுத்தச் சொன்ன அண்ணைக்கே நிறுத்தியாச்சு. நமக்கு ஒருத்தரு சொன்னா கேக்குத புத்தி உண்டு."

அந்தச் சிகிச்சை எங்கள் இரண்டு பேருக்கும் பலிக்கவில்லை. கடைசி ஊசியில் இல்லை என்று காட்டிய வைரஸ், சில மாதங்களில் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் ஊழியனைப்போல வந்து உட்கார்ந்துகொண்டது. நான் பணி ஓய்வு பெற்றேன். டாக்டர், புதிய மாத்திரை வரும், காத்திருங்கள் என்றார். வரும் என்று சொல்லப்படும் எதற்கும் காத்திருக்க எனக்குப் பழக்கம் உண்டு. சம்பளக் கமிஷன்களைப் பார்த்தவன்.

ஆனால் மாத்திரை உண்மையாகவே வந்தது. 2016-இல் தொடங்கினோம். ஊசி இல்லை, காய்ச்சல் இல்லை, எரிச்சலுக்குச் சொல்லிக்கொள்ளக் காரணமும் இல்லை. குளச்சல்காரருக்குப் பன்னிரண்டு வாரம், எனக்கு இருபத்து நான்கு. அவருடைய ஈரலில் தழும்பு கொஞ்சம்தான், என்னுடையது சிரோசிஸ் வரை போய்விட்டது, அதனால் இந்த வேறுபாடு என்று டாக்டர் விளக்கினார். அவர் முன்னதாக முடித்துவிட்டாலும், என் கடைசி மாத்திரை முடிந்து டாக்டரைப் பார்க்கப் போனபோது துணைக்கு வந்தார். டாக்டர் மலையாளி. எங்களுக்காகத் தமிழை நோக்கிப் பாதி தூரம் நடந்து வருவார்.

"ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். மறக்கக்கூடாது, கேட்டோ" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அப்போதும் இல்லையென்றால் அது குணம்தான், திரும்பி வராது என்றார். குடி வேண்டாம், எடை ஏறாமல் பாருங்கள், யாரோ சொன்னார்கள் என்று பச்சிலைச் சாறு குடித்து ஈரலைச் சோதிக்காதீர்கள், காப்பி குடிக்கலாம், ஈரலுக்கு நல்லதுதான் என்றும் சொன்னார். என் பணிக்காலத்திலும் அதற்குப் பிறகும் நான் மனமகிழ்ந்து நிறைவேற்றிய ஒரே உத்தரவு அந்தக் காப்பிதான்.

இனி என் விதியைச் சொல்கிறேன். ஸ்கேன் எடுக்கச் சொன்ன சீட்டு, மாத்திரை முடிந்த நாளில் எழுதப்பட்டது. வைரஸ் இல்லை என்ற முடிவு அதற்கு மூன்று மாதம் பிந்தியது. பின்னால் வந்த ஆணை முன்னால் வந்ததை ரத்துச் செய்யும். இது அரிச்சுவடி. ஆனாலும் முறையை விட்டவன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதால், முடிவின் நகலை ஒரு முகப்புக் கடிதத்தோடு டாக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டையுடன். அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்றே கொள்ள வேண்டும்.

அத்தோடு விட்டிருந்தால் சோம்பேறி என்று என்னைச் சொல்லலாம். நான் சோம்பேறி அல்ல. வருடத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காமலே, வைரஸ் பரிசோதனையைத் திரும்பச் செய்தேன். இரண்டு தடவையும் 'கண்டறியப்படவில்லை'. இரண்டையும் கோப்பில் சேர்த்தேன். இல்லாதவனைத் தேடி வருடா வருடம் அழைப்பாணை அனுப்பிக்கொண்டிருந்தேன். இருக்கிற ஈரலை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

"ஸ்கேனுக்கு எப்பம் போறிய?" என்று மனைவி கேட்பாள்.

"அது முந்தின உத்தரவு. அமலில் இல்ல."

"உத்தரவு முந்தினதா இருக்கட்டு. ஈரலு இப்பளும் ஒங்களுக்க உள்ளதானே கெடக்கு?"

நான் விதியை மறுபடி விளக்குவேன். அவள் நாற்பது வருடமாக என் விளக்கங்களைக் கேட்டவள். பாதியில் எழுந்து குக்கரைப் பார்க்கப் போய்விடுவாள்.

குளச்சல்காரர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தக்கலையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனார். அங்கே கொடுக்கிற தாளை மடக்கிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறுவதற்கு முன் எனக்குப் போன் செய்வார்.

"எனக்கு நார்மலு சாரே. சாருக்கு எப்பிடி?"

"எனக்கு வேண்டாம்வே. நம்ம கேஸ் முடிஞ்சாச்சு."

"அது சரி. ஆபீசருக்க ஈரலுக்குத் தனிச் சட்டம் இருக்கும்."

ஒருமுறை சீரியஸாகவே சொன்னார். "சுறாவ அறுக்கும்போ நாங்க ஈரலத்தான் முதல்ல பாப்போம். வயித்துல பாதி அதுதான். வெளிய பாத்தா சுறா எமன் மாதிரி கெடக்கும். அறுத்துப் பாத்தாத்தான் உள்ள என்னண்ணு தெரியும். ஒங்கள அறுக்கண்டாம்னுதான ஸ்கேனு வச்சிருக்கு. போய்க் காட்டுங்க சாரே."

நான் சிரித்தேன். அவர் போனை வைத்தார்.

2019 தொடக்கத்தில் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. முந்தின நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கண் ஆஸ்பத்திரியில் என் பெயரைப் பட்டியலின் கடைசிக்கு மாற்றினார்கள். அவர்கள் வைத்திருந்த கோப்பின் மேல் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டேன். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும்.

"சார், ஒங்களுக்கு ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் காட்டுது. அதனால கடைசியா செய்வோம். வேற ஒண்ணும் இல்ல."

இதற்காகவே பிறந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் செய்தது வைரஸைத் தேடும் பரிசோதனை அல்ல, வைரஸை எதிர்த்து உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை என்றேன். கலவரம் நடந்த ஊரில் போட்ட போலீஸ் காவலைக் கலவரம் அடங்கிய பின்னும் எடுக்கமாட்டார்கள். அதுபோல இந்த எதிர்ப்பொருள் குணமானவனின் ரத்தத்திலும் சாகும்வரை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கே கலவரம் நடக்கிறது என்று எழுதக் கூடாது என்றேன். வைரஸ் உண்டா இல்லையா என்பதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது, அதை மூன்று தடவை செய்திருக்கிறேன், இதோ பார் என்று நாடாவை அவிழ்த்துக் கோப்பை அவள் முன்னால் விரித்தேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. இன்றைக்கும் சரி.

அவள் பொறுமையாகக் கேட்டாள். மூன்று தாளையும் படித்தாள்.

"சரி சார். வைரஸ் இல்ல. டாக்டர்ட்ட சொல்லுதேன்" என்றாள். பிறகு ஆர்வத்தில் இன்னும் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினாள். "சிரோசிஸ்னு எழுதியிருக்கே. கடைசியா எடுத்த லிவர் ஸ்கேன் எங்க சார்?"

நான் கோப்பை என் பக்கம் திருப்பினேன். உள்ளே இருந்த கடைசி ஸ்கேன், மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்தது. அதற்குப் பிறகு கடிதங்கள், நகல்கள், ஒப்புகை அட்டை, வைரஸ் இல்லை என்று மூன்று தாள். இன்னும் ஒருமுறை புரட்டினேன். அவள், "பாத்து எடுத்துக்கிடுங்க சார்" என்று அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாலு மணி நேரம் என் முறைக்காகப் படுத்திருந்தேன். பின்னால் வந்த ஆணை முன்னால் வந்ததை ரத்துச் செய்ய வேண்டுமானால், இரண்டும் ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். இதுவும் அரிச்சுவடிதான். ஒன்று வைரஸைப் பற்றியது. மற்றது ஈரலைப் பற்றியது. இளநிலை உதவியாளன் எவனாவது இப்படிக் குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருந்தால் அவன் முகத்திலேயே திருப்பி எறிந்திருப்பேன்.

கண்கட்டு அவிழ்த்த வாரத்தில் குளச்சல்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நாளைக்குப் போவோம். எனக்கும் எடுக்குத சமயந்தான். ஒண்ணும் தின்னண்டாம்" என்றார்.

குளச்சலிலிருந்து பஸ்ஸில் தக்கலைக்கு வந்தார். அங்கிருந்து இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு திருவனந்தபுரம் பஸ் ஏறினோம். அவர் மடியில் பிளாஸ்டிக் கவர், அதில் ஐந்து ஸ்கேன் தாள்கள். என் மடியில் கோப்பு. களியக்காவிளை தாண்டியதும் யாரோ வாழைக்காய் சிப்ஸ் பொட்டலம் பிரித்தார்கள். அதன் பிறகு நெய்யாற்றின்கரை வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஸ்கேன் அறையில் அவரை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்படியில்லை. ஸ்கேன் டாக்டர் வலது விலாவுக்குக் கீழே கருவியை வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். விடச் சொன்னார். இடது பக்கம் சாயச் சொன்னார். போன இடத்துக்கே திரும்ப வந்தார். மறுபடி மூச்சு. கருவி அங்கேயே நின்றது. திரையில் ஏதோ அளக்கும் கிளிக் சத்தம் கேட்டது. நில அளவையில் சர்வேயர் ஒரே கல்லுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே தகராறு இருக்கிறது என்று அர்த்தம்.

அங்கிருந்து எங்கள் பழைய டாக்டர் அறைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அவர் முதலில் குளச்சல்காரரின் தாள்களைப் பரப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகத்தில் குழப்பம்.

"இதெல்லாம் யார் எடுக்கச் சொன்னது?"

"டாக்டருதான். ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு."

"உங்களுக்கு வேண்டாமே. உங்க லிவர்ல அத்தனை தழும்பு கிடையாது. வைரஸ் போனதோட உங்க காரியம் தீர்ந்தது. உங்ககிட்ட பறஞ்சேனா நான்?"

"சாருட்ட சொன்னிய. நானும் பக்கத்துலதான இருந்தேன். ரெண்டு பேருக்கும் சேத்துன்னு நெனச்சேன்."

டாக்டர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "சாருகிட்ட மட்டும்தான் நான் பறஞ்சது. சாருக்க பழைய ஸ்கேன் எல்லாம் எங்கே?"

தேவையில்லாதவர் ஐந்து தடவை போயிருக்கிறார். தேவைப்பட்டவன் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறான். குளச்சல்காரர் என்னைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த ஈரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

வலது மடலில் ஒரு புள்ளி தெரிகிறது, சாயம் ஏற்றி சி.டி. எடுத்தால்தான் அது என்ன என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். முடிவுக்கு நாலு நாள்.

அந்த நாலு நாளில் எனக்கு நானே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பிக்கொண்டேன். இத்தனை மாதம் தாமதித்ததற்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு எத்தனையோ அனுப்பியிருக்கிறேன். பெறுகிறவன் என்ன பதில் எழுதுவான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எழுத ஒன்றும் இருக்காது. சில பேர் அதனால்தான் பக்கம் பக்கமாக எழுதினார்கள்போல.

மனைவி இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பாராமல் பேசினாள்.

"உசிரோட இருக்கேன்னு வருசா வருசம் கருவூலத்துல போய் நிண்ணு காட்டுதிய. பென்ஷன் நேர்காணலுக்கு ஒரு நாளு தவறினதில்ல. மழையில நனஞ்சுட்டும் போயிருக்கிய."

"ம்."

"இங்க ஒருத்தி இருக்கேன். எனக்கும் காட்டலாம்லா?"

அவளிடம் நான் எந்த விதியையும் சொல்லவில்லை. கீரையில் ஒரு பிடி எடுத்து நானும் ஆயத் தொடங்கினேன். "காம்ப கூட்டிப் போடாதிய" என்றாள். அது மன்னிப்பு அல்ல. ஆனாலும் பேச்சு தொடங்கிவிட்டது.

முடிவு வந்தது. புற்றுதான். இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றே ஒன்று. ரத்தக் குழாய்களைத் தொடவில்லை. டாக்டர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. நானும் நேராகக் கேட்டேன்.

"ஒழுங்கா வந்திருந்தா?"

"ஒழுங்கா வந்திருந்தா இதைவிடச் சின்னதா பார்த்திருக்கலாம். இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா, நம்ம பேச்சு வேற மாதிரி இருக்கும். உங்களுக்குப் பாக்கியம் இருக்கு. அதை வழக்கமாக்க வேண்டாம்."

பிறகு என் ரத்தப் பரிசோதனைகளை என் பக்கம் திருப்பி வைத்து ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். மஞ்சள் ஏறவில்லை. புரதம் சரியாக இருக்கிறது. வயிற்றில் நீர் இல்லை. எண்டோஸ்கோப்பியில் முன்பு உணவுக்குழாயில் புடைத்திருந்த ரத்த நாளங்கள் இப்போது சுருங்கியிருக்கின்றன. தழும்பு இருந்தாலும் ஈரல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வைரஸைத் துரத்தியதன் லாபம் இதுதான் என்றார். அது இன்னும் உள்ளே இருந்து அரித்துக்கொண்டிருந்தால், இந்தப் புள்ளிக்கு வைத்தியம் செய்யக்கூட ஈரல் இடம் கொடுத்திருக்காது. இப்போது கொடுக்கிறது. வெளியிலிருந்து ஒரு ஊசியைச் செலுத்தி, அந்த இடத்தை மட்டும் சூட்டால் பொசுக்கிவிடலாம்.

நான் குணமானேன் என்று நினைத்ததும் சரி. நோயாளி என்று அவர் நினைத்ததும் சரி. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்பதற்கு எங்கள் துறையில் படிவம் கிடையாது.

ஒப்புதல் படிவம் நாலு பக்கம். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். நான் எல்லா வரியையும் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் என் வயதை ஒன்று கூட்டி எழுதியிருந்தார்கள். திருத்தச் சொன்னேன். திருத்தி, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னேன். போட்டார்கள். மூன்றாம் பக்கத்தில், நேரக்கூடிய விளைவுகளின் வரிசையில், ரத்தக் கசிவுக்கும் காய்ச்சலுக்கும் பின்னால் 'மரணம்' என்று இருந்தது. அதில் திருத்த ஒன்றும் இல்லாததால் கையெழுத்திட்டேன்.

ஊசி வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. வலது தோளில் ஒரு வலி வந்து இரண்டு நாள் இருந்தது. ஈரலைச் சுட்டால் தோள் ஏன் வலிக்கிறது என்று கேட்டேன். நரம்பு போகிற வழி அப்படி என்றார்கள். மறுநாள் குளச்சல்காரர் வார்டுக்கு வந்தார். மீன் கொண்டுவந்து, வாசலில் தடுத்ததால் காவலாளிக்கே கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"ஈரல சுட்டுட்டானுவளாமே சாரே."

"ஒரு ஓரத்த மட்டும்."

"உப்பு போட்டாச்சா?"

என் மனைவி அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். அவர் இன்னும் உற்சாகமாகி, எத்தனை நாள் வெயிலில் காய வைப்பார்கள், கருவாடானால் எந்தச் சந்தைக்கு அனுப்புவார்கள் என்று தொடர்ந்தார். சிரித்தால் விலாவில் வலித்தது. போதும்வே என்று கையெடுத்துக் கும்பிட வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து எடுத்த சி.டி.யில் பொசுக்கிய இடம் கரும்புள்ளியாகத் தெரிந்தது. அதைச் சுற்றி உயிருள்ள புற்று எதுவும் இல்லை. அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். எதுவும் வராமல் போனால் இடைவெளி கூடும், ஆனால் ஒருநாளும் நிற்காது. தழும்பேறிய ஈரல் வேறொரு மூலையில் மறுபடி ஒன்றை முளைக்க வைக்கலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். வைத்தால் சிறியதிலேயே பார்ப்போம், பார்த்தால் மறுபடி செய்ய வழி இருக்கிறது என்றும் சொன்னார். ஈரலின் விறைப்பை அளக்கும் கருவியில் என் எண் மாத்திரைக்கு முன்பிருந்ததைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. தழும்பு இளகுமா என்று கேட்டேன். "பையப் பைய. அதுக்கு உங்களைப்போல கேஸ் முடிக்கிற அவசரம் கிடையாது" என்றார். நான் நன்றாக இருக்கிறேன் என்பதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. கோப்பில் இருப்பதைச் சொல்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் மறுபடி ஸ்கேன். தக்கலையில் பஸ் ஏறினால், ஜன்னல் சீட்டில் குளச்சல்காரர். உமக்குத்தான் வேண்டாம் என்று சொல்லியாச்சே என்றேன்.

"எனக்குத்தான் வேண்டாம். சாரு மறுபடியும் தபால் அனுப்பிட்டு வீட்டுல இருந்திரக் கூடாதுல்லா."

அவருக்கு இனி பட்டினி இல்லை. மார்த்தாண்டத்தில் இறங்கி இரண்டு ரசகதலிப் பழமும் ஒரு பொதி சிப்ஸும் வாங்கிவந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றார். வேண்டுமா என்று மரியாதைக்கு ஒருமுறை கேட்கவும் செய்தார்.

உள்ளே போனேன். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். கருவி வலது விலாவுக்குக் கீழே வந்தது. பொசுக்கிய இடத்தில் நின்றது. நான் கிளிக் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் கிடந்தேன். கருவி நகர்ந்தது. இன்னொரு பக்கம் போனது. அங்கிருந்தும் நகர்ந்தது. ஸ்கேன் டாக்டர் பசையைத் துடைத்துக்கொள்ளத் தாள் கொடுத்துவிட்டு, புதிதாக ஒன்றும் இல்லை, எழுந்திருக்கலாம் என்றார்.

வெளியே வந்தேன். குளச்சல்காரர் சிப்ஸ் பொட்டலத்தை மடக்கிக்கொண்டு எழுந்தார். என் முகத்தை ஏலத்துக்கு வந்த மீனைப் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லவே" என்றேன்.

"அப்பம் வாங்க. எனக்கு மறுபடியும் பசிக்குது" என்றார்.